தாயி என்று கூப்பிட்ட பிள்ளைகள்

அக்காவுக்கான இந்த நினைவு மலரின் அட்டையில் ‘பெறாத தாய்’ என்று போடச் சொல்லி உறவில் மூன்று பேர் போன் செய்தார்கள். அத்தை ஒருவர் அதே தலைப்பில் வெண்பா மாதிரி ஒன்று எழுதியே கொடுத்துவிட்டார். நான் போடவில்லை. யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். காரணத்தைச் சொன்னால் என் தலைதான் குனியும், குனியட்டும்.

அக்கா பிறந்தது கோவில்பட்டியில். எனக்கு எட்டு வயது மூத்தவர். அம்மா தீப்பெட்டி ஆலைக்குப் போய்விடுவதால் என்னைத் தூக்கிச் சுமந்தது அக்காதான். “உன்னைத் தூக்கித் தூக்கியே என் இடுப்பு ஒரு பக்கம் சாஞ்சு போச்சுட்டி” என்று கடைசி வரை குற்றம் சொல்வார். நான் முதலில் பேசிய சொல் ‘அம்மா’ இல்லை, ‘எக்கா’ என்று அம்மாவே சொல்வதுண்டு.

கல்யாணமாகி அக்கா பூனாவுக்குப் பக்கத்தில் தேஹு ரோடு போனார். அத்தானுக்கு அங்கே ராணுவத் தளவாடக் கிடங்கில் வேலை. அத்தான் தங்கமான மனிதர். நாளைக்குப் பத்து வார்த்தை பேசுவார், அதில் நாலு ‘சரி’. அக்காவுக்குக் குழந்தை இல்லை. குவார்ட்டர்ஸ் ஜன்னலில் நின்று ரயிலைப் பார்ப்பதுதான் பகல் முழுக்க வேலை என்று எழுதுவார். நானும் வாரம் ஒரு கடிதம் போடுவேன், ‘அன்புள்ள எக்கா’ என்று.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எனக்கு வளைகாப்பு. இரண்டு நாள் ரயிலில் வந்து இறங்கினார் அக்கா. பூனா சந்தையில் பார்த்துப் பார்த்து வாங்கிய பச்சை வளையல்களைத் துணியில் சுற்றி, ஒன்றுகூட உடையாமல் கொண்டுவந்திருந்தார். எனக்குப் போட வளையலோடு கையை நீட்டினார். அப்போது என் மாமியார், “பிள்ளை பெத்தவங்க போடட்டும்மா, நீ கொஞ்சம் தள்ளி உக்காரு” என்றார். அக்கா என் முகத்தைப் பார்த்தார். ‘என் எக்காதான் முதல்ல போடணும்’ என்று ஒரு வாய் வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் குனிந்து என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வளையல்களைத் தாம்பாளத்தில் வைத்துவிட்டு அக்கா மறுநாளே ரயிலேறினார்.

தப்பு செய்தவளுக்குத்தான் வீம்பு அதிகம். எந்த முகத்தோடு எழுதுவது என்று ஒரு மாதம் தள்ளினேன். அது வருஷமாகிப் பல வருஷமாயிற்று. பொங்கலுக்கு அக்கா போன் செய்தால், “ம், நல்லா இருக்கீங்களா, இந்தா பிள்ளைகிட்ட பேசுங்க” என்று ரிசீவரைக் கைமாற்றிவிடுவேன். அக்கா என்ற சொல் என் வாயில் வரவில்லை. அத்தான் இறந்தபோதுகூடச் சின்னவனுக்குக் காய்ச்சல் என்று சொல்லி என் கணவரை மட்டும் அனுப்பினேன்.

வளைகாப்பு முடிந்து போன அந்த ஜூன் மாதம்தான் அக்கா பக்கத்து நிக்டியில் ஒரு பால்வாடியில் டீச்சராகச் சேர்ந்தார். ஒரே அறை, முப்பது வாண்டுகள். அக்காவுக்கு மராத்தி சுத்தமாகத் தெரியாது. முதல் வாரம் பச்சை சாக்பீஸைக் காட்டி “பச்சை” என்றாராம். இந்தியில் ‘பச்சா’ என்றால் குழந்தை. “நான்தான் பச்சா, நான்தான் பச்சா” என்று மொத்த வகுப்பும் எழுந்து நின்றுவிட்டது. அந்தப் பிள்ளைகளிடமே மராத்தி கற்றுக்கொண்டார்.

ஜூனில் புதுப் பிள்ளைகள் வந்து கதறும்போது அக்கா பாடமே எடுக்க மாட்டார். வாசலை ஒட்டித் தரையில் உட்கார்ந்து முந்தானையை விரித்துப் போட்டுவிடுவார். அழுகிற பிள்ளை வந்து அதைப் பிடித்துக்கொள்ளலாம், மூக்கும் துடைத்துக்கொள்ளலாம். மழையில் நனைந்து, ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்து வீடு திரும்பும்போது சேலை பார்க்கச் சகிக்காது. அத்தான் போன பிறகு நிக்டியில் ஒற்றை அறை எடுத்துத் தங்கினார். “ஞாயித்துக்கிழமைதான் போவ மாட்டேங்கு. பேச ஆளில்லாம டிவியில வர்ற தமிழ் சீரியல்காரிக்குப் பதில் சொல்லிக்கிட்டு இருக்கேன்” என்று அம்மாவிடம் சிரித்தாராம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், ‘பிள்ளைகள் என்னைத் தாயி என்று கூப்பிடுகின்றன’ என்று அம்மாவுக்கு எழுதியிருந்தார். அம்மா அந்தக் கடிதத்தைத் தெரு முழுக்கக் காட்டி அழுதார். “எம்மவ பெறாமலே தாயாயிட்டா.” அப்போது பிறந்ததுதான் அந்தப் பட்டம்.

அக்காவின் சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று தகவல் வந்த பிறகுதான் நான் பூனாவுக்கே போனேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் பாதியாகக் கிடந்தார். பழைய மாணவி ஒருத்தி, கல்லூரிக்குப் போகிற பெண், கஞ்சி கொண்டுவந்து, “தாயி, தோட கா நா” என்று, கொஞ்சம் சாப்பிடச் சொல்லிக் கெஞ்சி ஊட்டினாள். அவள் போனதும், ஏதாவது நல்லதாகப் பேச வேண்டுமே என்று, “பிள்ளை இல்லைன்னு யாரு சொன்னா? எல்லாரும் உங்களைத் தாயின்னுல்ல கூப்பிடுதாங்க” என்றேன்.

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“ஏட்டி கூறுகெட்டவளே, மராத்தில தாயின்னா அக்கா.”

“அப்ப அம்மாகிட்ட ஏன் சொல்லல?”

“அம்மாவுக்கு அதுல ஒரு ஆறுதல், இருந்துட்டுப் போவட்டும்னு விட்டுட்டேன். எனக்குப் பிள்ளை இல்லாத குறைய அத்தானோட அழுது தீர்த்துட்டேம்ட்டி. நீ கூப்பிடாததுதான் தீரல. நீ நிறுத்துன, இதுங்க ஆரம்பிச்சுதுங்க.”

“எக்கா” என்றேன். சத்தமே வரவில்லை.

“கேக்கல. இன்னொரு தடவ சொல்லு.”

சொன்னேன். இரண்டு நாள் சொல்லிக்கொண்டே இருந்தேன். மூன்றாம் நாள் காலையில் அக்கா போய்விட்டார்.

அக்காவுக்கு மருந்து வாங்க ஓடிய பக்கத்து அறைக்காரர்களுக்கும், பால்வாடியைப் பூட்டிவிட்டு மயானம் வரை வந்த ஆயாம்மாவுக்கும், அத்தானோடு வேலை பார்த்த பெரியவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. நிக்டிப் பிள்ளைகளே, உங்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. தெரியாவிட்டாலும் எழுதி வைக்கிறேன். நான் கூப்பிடாத அத்தனை வருஷமும் என் அக்காவை அக்கா என்று கூப்பிட்டீர்கள். நன்றி.

— தங்கை