நிக்கல் குண்டு

கொட்டாஞ்சேனை செக்பொயின்ட்டில் என் பையைத் திறந்த பொலிஸ்காரர், "மேவா மொனவாத?" என்று கேட்டார். இவை என்ன என்கிறார். எனக்குச் சிங்களம் நன்றாகவே வரும். ஆனால் துப்பாக்கியைக் கண்டதும் வாயில் பட்டறைச் சொல்தான் வந்தது.

"சேர், நிக்கல் குண்டு."

சண்டைக் காலத்தில் 'குண்டு' என்றால் என்னவென்று விளங்க யாருக்கும் தமிழ் படிக்கத் தேவையில்லை. அடுத்த நிமிடம் கையில் விலங்கு.

முகத்துவாரத்தில் ஒரு வார்ப்புப் பட்டறையில் எனக்கு வேலை. பம்ப் கேசிங், பற்சக்கரம் எல்லாம் வார்ப்போம். வார்ப்பிரும்பு மெல்லிய இடங்களில் சட்டென்று ஆறினால் வெள்ளையாக இறுகிவிடும். லேத்தில் கடைய வராது. உருகிய இரும்பில் கொஞ்சம் நிக்கல் போட்டால் அந்தத் தொல்லை குறையும், பலமும் கூடும். மருதானைக் கடையொன்றில் அது கடலைப் பருமனில் உருண்டையாகக் கிடைத்தது. அன்று அதை வாங்கிக்கொண்டு பஸ்ஸில் பட்டறைக்குத் திரும்பும்போதுதான் பிடிபட்டேன். பட்டறையில் சிங்களவர், தமிழர் எல்லாருக்குமே அது குண்டுதான். எங்கள் போர்மேன் சோமபாலகூட "குண்டு டிகக் தாண்ட" என்றுதான் கத்துவார், கொஞ்சம் போடச் சொல்லி.

வெடிகுண்டில் நிரப்பும் இரும்பு உருண்டைகளும் பார்வைக்கு அப்படியே இருக்குமாம். அதை எனக்குச் சொன்னவர் பொலிஸ் இன்ஸ்பெக்டர். காந்தம் பிடித்துப் பார்த்தார். நிக்கலும் காந்தத்தில் ஒட்டும் சாமான், சனியன், ஒட்டியது. அப்படி உள்ளே போன தமிழ்ப் பொடியன்கள் எப்போது வெளியே வருவார்கள் என்று யாருக்கும் தெரியாத காலம். என் கதை முடிந்தது என்றே நினைத்தேன்.

பஸ்ஸில் கூட வந்த யாரோ பட்டறைக்குச் சொல்லியிருக்கிறார்கள். சோமபால கரி அப்பிய ஏப்ரனோடு ஸ்டேஷனுக்குள் வந்து நின்றார்.

"சேர், இவன் எங்கட மல்லி. நம்பாட்டி வந்து பாருங்க. உலை எரியுது" என்றார் சிங்களத்தில். மல்லி என்றால் தம்பி.

இன்ஸ்பெக்டர் என்னையும் பையையும் ஏற்றிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். அவர் வராமலும் விட்டிருக்கலாம். அதற்காக அவருக்கும் நன்றி சொல்கிறேன்.

ஆப்பு வடிவில் ஒரு துண்டு வார்த்து, உடைத்துப் பார்த்துத்தான் நாங்கள் இரும்பின் குணத்தை அறிவோம். வெட்ஜ் என்போம். சோமபால நிக்கல் போடாமல் ஒன்று வார்த்தார், இரும்பு அள்ளும் லேடலில், தராசில் நிறுத்த நிக்கலைப் போட்டு இன்னொன்று. ஆறியதும் இரண்டையும் உடைத்துக் காட்டினார். முதலாவதன் ஓரம் வெள்ளை. மற்றது நுனிவரை சாம்பல் நிறம். இன்ஸ்பெக்டர் இரண்டையும் தடவிப் பார்த்தார்.

"சரி, விளங்குது. ஆனா இந்தப் பை இனி வெளியில போகாதெண்டு யார் பொறுப்பு?"

அந்நாளில் நிக்கல் கிடைப்பது பெரும்பாடு. அந்தப் பை மாதக்கணக்குக்கு வரவேண்டியது. சோமபால முதலாளியைக் கேட்கவில்லை. பையைத் தூக்கி, ஒரு உருண்டை மிச்சமில்லாமல் உலைக்குள் கொட்டினார்.

"இப்ப ஒண்டுமில்ல, சேர்."

இன்ஸ்பெக்டர் அவரை ஒரு தரம் பார்த்துவிட்டு என் விலங்கைக் கழற்றச் சொன்னார்.

பின்னேரம் வெள்ளவத்தையிலிருந்து முதலாளி வந்தார். ஆணி ஒன்று காணாமல் போனாலும் வீட்டைத் தலைகீழாக்குகிற மனிதர். நடந்ததைக் கேட்டார், என் மணிக்கட்டைப் பார்த்தார்.

"ஆள் வந்திட்டான்தானே? பிறகென்ன கதை. போய் வேலையைப் பாருங்கோ."

நிக்கல் அளவு மிஞ்சினாலும் இரும்பு இறுகும்; அன்று வார்த்தது பயங்கர வைரம். அதைக் கடைந்த லேத்காரர் எங்கள் எல்லாரையும் வாய்க்கு வந்தபடி திட்டினார். எனக்கு அது காதுக்கு இனிமையாக இருந்தது.

இளையவர்களே, எடுத்துச் செல்லும் சாமானின் பெயரை, ரோட்டில் கேட்பவருக்கு விளங்குகிற மாதிரிச் சொல்லப் பழகுங்கள். அது தொழில் பாடம். மற்றது என் சொந்தப் பாடம். தராசில் நிறுக்காமல் ஒரு உருண்டை நிக்கலும் போடாத சோமபால அன்று எனக்காக முழுவதையும் கொட்டினார். நான் கலியாணம் கட்டியது, பிள்ளை பெற்றது, இன்று உட்கார்ந்து இதை எழுதுவது எல்லாம் அதற்குப் பிறகுதான்.