ரேடியோவில் நெரிடாவின் குரல்

என் தம்பி பெண்டாட்டி நெரிடாவைப் புகழ யாராலும் முடியாது. முயன்று பார்த்தவர்கள் எல்லாம் தோற்றுத்தான் திரும்பினார்கள். "ஸ்கோன் ரொட்டி பஞ்சு மாதிரி இருக்கு" என்றால், "அடுப்பு சரியில்ல, அடி கருகிடுச்சு பாரு" என்பாள். "இந்தச் சட்டை உனக்கு எடுப்பா இருக்கு" என்றால், "தள்ளுபடியில எடுத்தது, அக்குள்ல கிழிஞ்சிருக்கு" என்று கையைத் தூக்கியே காட்டிவிடுவாள்.

அவளை மட்டும் சொல்லி என்ன பயன், எங்கள் வாரபின் ஊரின் குணமே அதுதான். கோதுமையையும் ஆட்டையும் நம்பிப் பிழைக்கிற ஊர். யாராவது நல்லதாக ஒரு சொல் சொன்னால் அது காலில் விழுவதற்குள் தட்டிவிட வேண்டும். அதுதான் மரியாதை. தட்டிவிடாமல் வாங்கிக்கொண்டவனை ஊர் லேசில் விடாது. என் சித்தப்பா ஒருவர் கண்காட்சியில் கடாவுக்குப் பரிசு வாங்கிவிட்டு, "உழைச்சேன், கிடைச்சுது" என்று சொல்லித் தொலைத்தார். பாவம், சாகும்வரை அவருக்கு மகாராஜா என்றுதான் பெயர்.

நெரிடா கடலோரப் பக்கத்துப் பால்பண்ணைக் குடும்பத்துப் பெண். கல்யாணமாகி இங்கே வந்து, பள்ளிக்கூடச் சிற்றுண்டிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். ஐவர் என்கிற என் தம்பி வாயைத் திறந்தால் மூடமாட்டான், இவள் திறக்கவே மாட்டாள். எப்படித்தான் குடும்பம் நடத்துகிறார்களோ என்று நான் வாய்விட்டே கேட்டிருக்கிறேன். "அவ கேக்கறா, நான் பேசறேன், உனக்கென்னடி தெல்மா வலிக்குது?" என்பான் ஐவர். நான் அவனைவிட மூத்தவள். மரியாதை என்ற பேச்சே எங்கள் வீட்டில் கிடையாது.

எங்கள் ஊர்த் தீயணைப்புப் படையில் சம்பளத்துக்கு ஒருவரும் இல்லை. டிராக்டரை அப்படியே வயலில் போட்டுவிட்டு ஓடி வருகிறவர்கள்தான் படை. கொட்டகையில் உட்கார்ந்து ரேடியோவில் வண்டிகளோடு பேசுவதற்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. படைத்தலைவர் வின்ஸ் நெரிடாவைப் பிடித்து உட்கார வைத்தார். "உன் குரல்ல பதட்டமே இல்ல நெரிடா" என்றார். "பதட்டப்படறதுக்கும் கொஞ்சம் மூளை வேணும் வின்ஸ்" என்றாள் அவள். அன்று உட்கார்ந்தவள்தான், பிறகு ஒவ்வொரு கோடையிலும் அந்த நாற்காலி அவளுக்குத்தான். மளிகைச் சாமான் பட்டியல் வாசிக்கிற மாதிரிதான் பேசுவாள். காற்று எந்தப் பக்கம், தண்ணீர் எங்கே கிடைக்கும், எந்த வண்டி எங்கே நிற்கிறது என்பதோடு சரி.

இரண்டு கோடைக்கு முன்னால் அந்தப் பெரிய தீ வந்தது. வடக்குக் காற்று காலையிலேயே அடுப்பைத் திறந்துவிட்டது போல வீசியது. டார்சி ரட்ஜ் என்கிற எங்கள் ஊர் ஆட்டுப்பண்ணைக்காரன், பிக்கப் வண்டியில் தண்ணீர்த் தொட்டியை ஏற்றிக்கொண்டு தனியாகக் கிளம்பியிருந்தான். காற்று திடீரென்று திரும்பியது. முன்னால் மரம் விழுந்து பாதை அடைபட்டுப்போனது, பின்னால் புகை. வேறு வழியில்லாமல் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, கம்பளிப் போர்வையைப் போர்த்திக்கொண்டு, வண்டிக்குள்ளேயே கீழே குனிந்து படுத்துவிட்டான். அப்படித்தான் செய்ய வேண்டும், தீ மேலே கடந்து போகும்வரை. கதவைத் திறந்து ஓடியவன் யாரும் பிழைத்ததில்லை.

தீ கடந்து போகும்வரை நெரிடா அவனோடு ரேடியோவில் பேசிக்கொண்டிருந்தாள். பிறகு வின்ஸின் வண்டி மரத்தை அறுத்துத் தள்ளிவிட்டுப் போய் அவனை எடுத்தது. காது இரண்டும் வெந்திருந்தன, உயிர் இருந்தது.

அதே மத்தியானம், இங்கே வீட்டுப் பட்டறையில், என் தம்பி ஐவருக்கு மாரடைப்பு. பக்கத்தில் யாருமில்லை. தீ அடங்கி, பொழுது சாய்ந்து, நெரிடா வீட்டுக்கு வந்து பார்த்தபோது எல்லாம் முடிந்து வெகுநேரம் ஆகியிருந்தது.

அவள் அழவில்லை. துக்கத்துக்கு வந்தவர்களுக்கு அவளே சாண்ட்விச் தட்டைத் தூக்கிக்கொண்டு நீட்டினாள். "உக்காருடி" என்று நான் தட்டைப் பிடுங்கினேன். "முட்டை வெச்சது சீக்கிரம் கெட்டுடும் தெல்மா" என்றாள். அப்போது மரத்துப் போனவள்தான். சாப்பிடுவாள், துணி துவைப்பாள், வேலைக்குப் போவாள், தீ என்றால் போய் ரேடியோ முன்னால் உட்காருவாள். ஒருநாள் வேலிக்கம்பி கையைக் கிழித்து ரத்தம் வழிகிறது, நான் பார்த்துக் கத்தியபிறகுதான் குனிந்து பார்த்தாள். "அட, ஆமா" என்றாள், ஏதோ மழைத் தூறலைப் பார்த்த மாதிரி. எனக்குத்தான் தம்பியும் போய் இவளும் போய்விட்டது போல இருந்தது.

போன இலையுதிர் காலத்தில் படையின் வருடாந்திர மதிய விருந்து. மண்டபத்துக்கு வெளியே சாசேஜ் வேகிறது, உள்ளே பீரும் டீயும். நெரிடாவுக்கு ஒரு பதக்கம் கொடுத்தார்கள். வின்ஸ் வழக்கப்படி நாலு கிண்டல் செய்தார், அவளும் வழக்கப்படி "இதை உருக்கினா ஒரு ஸ்பூன் தேறுமா?" என்றாள். எல்லோரும் சிரித்து முடிந்தது. பிறகுதான் டார்சி எழுந்தான்.

டார்சி கூட்டத்தில் பேசி யாரும் பார்த்ததில்லை. அவன் கல்யாணத்தன்றே பேசவில்லை, அவன் பெண்டாட்டி க்வெண்டாதான் அவனுக்கும் சேர்த்துப் பேசினாள். அப்படிப்பட்டவன் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான். வெந்து ஆறிய காது இன்னும் சிவந்தது.

"அன்னிக்கு நான் கதவுப் பிடியில கை வெச்சுட்டேன்" என்றான். "வெளிய ஓடத்தான். நீ பேசிட்டே இருந்தே, அதனாலதான் கையை எடுத்தேன். என் பசங்களுக்கு அப்பன் இருக்கான்னா உன்னாலதான். நன்றி நெரிடா."

எங்கள் ஊரில் யாரும் அப்படி மனசைத் திறந்து பேசி, அதுவும் ஓர் ஆம்பிளை பேசி, நான் கேட்டதே இல்லை. எல்லோருக்கும் கூச்சம். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தரையைப் பார்த்தார்கள்.

நெரிடா என்ன செய்தாள்? எங்கள் ஊரில் வாழ்கிற எவளும் செய்வதைத்தான் செய்தாள். கூச்சத்திலிருந்து அவனைக் காப்பாற்றினாள்.

"எனக்கு வேற வேலை இல்ல டார்சி, அதான் பேசிட்டிருந்தேன்" என்றாள்.

மண்டபம் அப்பாடா என்று சிரித்தது. டார்சியும் சிரிக்கப் பார்த்தான், வாய் ஒத்துழைக்கவில்லை. உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் அவன் எழுந்து வெளியே போய்விட்டான், க்வெண்டா மட்டும் தட்டோடு தனியாக உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த வாரம் அவள் என் கடைக்கு வந்தாள். தபாலும் மளிகையும் என்னிடம்தான், ஊர் விவகாரமும் அதோடு வந்துவிடும். பாலை மேசையில் வைத்துவிட்டு அப்படியே நின்றாள்.

"என்னடி க்வெண்டா, முகம் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?"

"டார்சி படையை விட்டுட்டார். வண்டியிலேர்ந்து தண்ணித் தொட்டிய இறக்கி வெச்சுட்டார். ஆட்டையெல்லாம் வித்துடலாங்கறார். சாப்பிட மாட்டேங்கறார் தெல்மா. நேத்து ராத்திரி பூரா சுவரைப் பாத்துப் படுத்திருந்தார்."

"ஒரு தமாஷுக்கா இவ்வளவு?"

"தமாஷா?" என்றாள். "அந்த நாலு வார்த்தைய அவர் கம்பளி வெட்டற கொட்டகையில ஆடுங்க முன்னாடி நின்னு சொல்லிச் சொல்லிப் பாத்தாரு, தெரியுமா? 'வேற வேலை இல்ல'ன்னு அவ சொன்னது குத்திக்காட்டத்தான்னு நெனக்கறார். அவளுக்கு வேற வேலை இருந்துச்சு, வீட்ல புருஷன் செத்துட்டிருந்தான், நான்தான் அவளைப் பிடிச்சு வெச்சுட்டேன், நான் பிழைச்சிருக்கவே கூடாதுன்னு சொல்றார். எனக்குப் பயமா இருக்கு. துப்பாக்கி அலமாரி சாவிய நான் எடுத்து ஒளிச்சு வெச்சிருக்கேன்."

கடையைப் பூட்டிவிட்டு நேரே நெரிடா வீட்டுக்குப் போனேன். உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"நான் அப்படி நெனச்சுச் சொல்லலையே" என்றாள், கத்தியை நிறுத்தாமல். "எல்லாரும் சொல்றதுதான."

"எல்லாரும் சொல்றதுதான்டி! அவன் எல்லாரும் சொல்றத சொல்லலையே! உசுரை எடுத்து உன் கையில குடுத்தான், நீ சாசேஜ் தட்டு மாதிரி தள்ளி விட்டே."

"அதை வாங்கி நான் என்ன பண்றது தெல்மா?"

"வாங்கிக்கோ, வேறென்ன! ஒரு தேங்க்ஸ் சொன்னா நாக்கு அழுகிடுமா?"

"எனக்கு ஒண்ணும் தோணலையே." இப்போதுதான் நிமிர்ந்தாள். "அவன் பேசறப்ப எல்லாரும் அழற மாதிரி இருந்தாங்க. எனக்கு ஒண்ணுமே தோணல. தோணாம எப்படி வாங்கறது? பொய் இல்லையா அது?"

நான் அவள் கையிலிருந்த கத்தியைப் பிடுங்கி மேசையில் வைத்தேன்.

"உனக்குத் தோணினா என்ன, தோணாட்டி என்ன" என்றேன். "அவன் அங்க செத்துட்டிருக்கான்."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வண்டிச் சாவியை எடுத்தாள். நானும் ஏறிக்கொண்டேன்.

டார்சி ஆட்டுப்பட்டியில் இருந்தான். விற்பதற்கு ஆடுகளைப் பிரித்துக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்தும் நிறுத்தவில்லை. நான் வண்டியை ஒட்டியே நின்றுகொண்டேன், நெரிடா மட்டும் வேலிவரை போனாள்.

"டார்சி, அன்னிக்கு நான் சொன்னது தப்பு."

"பரவால்ல. நீ சொன்னதுல என்ன இருக்கு."

"பரவால்லன்னு சொல்லாதே. நான் அதத் தமாஷாக்கியிருக்கக் கூடாது. நான் குத்திக்காட்டினேன்னு நீ நெனச்சியாமே. சத்தியமா இல்ல."

அவன் ஆட்டை விட்டான். பட்டிக்கதவின் தாழ்ப்பாளைத் தள்ளுவதும் இழுப்பதுமாக இருந்தான்.

"கீழ குனியறப்பவே மைக் ஒயரு அறுந்துபோச்சு நெரிடா" என்றான். "உனக்குத் தெரியுமா? நீ பேசினது முக்காவாசி எனக்குக் கேட்டுது, என்னால ஒண்ணும் திருப்பிச் சொல்ல முடியல."

"தெரியாது. நீ பதில் சொல்லல. நான் சும்மா பேசிட்டே இருந்தேன்."

"கொட்டகைச் சுவத்துல ஒட்டியிருந்ததையெல்லாம் படிச்சே. லாமிங்டன் கேக்குக்கு ஆர்டர் குடுத்தவங்க பேரெல்லாம் சொன்னே. நடுவுல நடுவுல, 'இங்கதான் இருக்கேன், எங்கயும் போகல'ன்னே. மேல இடி மாதிரி சத்தம், பெயிண்ட் எரியற நாத்தம், அதுக்கு நடுவுல எவளோ லாமிங்டன் நாலு டஜன் கேட்டாங்கறே. எனக்குப் பயம் போகல. ஆனா தனியா இருக்கற மாதிரி இல்ல. அதைத்தான் அன்னிக்குச் சொல்ல வந்தேன். சொல்லத் தெரியல."

நெரிடா வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு பேசினாள். அவள் பேசியது எனக்கே புதுசு. ஐவரோட அக்கா எனக்கே அது தெரியாது.

"ஐவர் பட்டறையில தீயணைப்பு ரேடியோ வெச்சிருந்தான். தீ நாள்ல எல்லாரும் கேக்கறதுதான. நான் வீட்டுக்குப் போனப்ப அது ஓடிட்டிருந்துது. நான்தான் அணைச்சேன். அவன் அதுக்குப் பக்கத்துலதான் கிடந்தான்." அதே மளிகைப் பட்டியல் குரல். "'எங்கயும் போகல, இங்கதான் இருக்கேன்'னு நான் உங்கிட்ட சொல்லிட்டிருந்தேன். அவன் அதக் கேட்டுக்கிட்டே செத்திருக்கான். யாராவது அந்த நாளைப் பத்தி நல்லதா சொல்ல வந்தா, எனக்கு இதுதான் ஞாபகம் வருது. அப்புறம் ஒண்ணும் தோணறதில்ல."

நான் வண்டியின் பக்கவாட்டைப் பிடித்துக்கொண்டேன். டார்சி தொப்பியைக் கழற்றினான், திரும்பப் போட்டுக்கொண்டான்.

"நெரிடா" என்றான். "பதில் சொல்ல முடியாம படுத்துக்கிட்டு உன் குரலைக் கேக்கறது எப்படி இருக்கும்னு இந்த ஊர்ல எனக்கு ஒருத்தனுக்குத்தான் தெரியும். உன்ன சமாதானப்படுத்தறதுக்காக இதச் சொல்லல. நீ எங்கிட்ட பேசறேன்னு எனக்குத் தெரியும், ஆனா அந்த நேரத்துல அதுகூட நெனப்பில்ல. குரல் இருந்துது, அவ்வளவுதான். ஐவருக்கும் இருந்துது. அவன் தனியாப் போகல."

அவள் தட்டிவிடுவாள் என்றுதான் நான் நினைத்தேன். அதுதானே அவள் வழக்கம். அவள் வாயும் ஏதோ சொல்வதற்காகத் திறந்தது, பிறகு மூடிக்கொண்டது. கம்பியிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

"இன்னொரு தடவ சொல்லு டார்சி" என்றாள்.

அவன் சொன்னான்.