அம்மாவின் சம்பளத் துண்டில் வந்த B

பிள்ளைகளே, சூட் போட்டவர் சொல்வதெல்லாம் சரியென்று நம்பாதீர்கள். உங்கள் தம்பி அம்மாவின் வயிற்றில் இருந்தபோது நடந்ததைச் சொல்கிறேன்.

உங்கள் அம்மா லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் ஓர் உடுப்புத் தைக்கும் பக்டரியில் வேலை செய்தாள். ஏப்ரலில், சம்பளத்தில் அரசாங்கம் கழிக்கும் நஷனல் இன்சூரன்ஸ் விகிதம் மாறியதும், சம்பளக் கம்ப்யூட்டரைத் திருத்த முதலாளி சூட் போட்ட தன் மச்சானைக் கூட்டிவந்தார். அடுத்த சம்பளத் துண்டில் அம்மாவின் பெயருக்கு நேரே, எந்த விகிதத்தில் கழிப்பது என்று காட்டும் A இருந்த இடத்தில் B இருந்தது. கழிவும் குறைந்திருந்தது. பஸ் சாரதியான நான் அந்த மச்சானிடம் போய்க் கேட்டேன்.

"கலியாணம் முடிச்ச பொம்பிளையள் எல்லாருக்கும் B தான் போட்டனான். கைக்குக் காசு கூட வருதெல்லோ? நீர் போய் பஸ்ஸை ஓட்டும், ஐசே!" என்று தன் விசிற்றிங் கார்டையும் நீட்டினார் அந்த மேதை.

அரசாங்க உதவிப்பணம் தரும் பெனிபிட் ஒபிசில் விசாரித்தேன். பல வருடங்களுக்கு முன்பே மணமுடித்து, குறைத்துக் கட்டுகிறோம் என்று எழுதிக்கொடுத்த பெண்களுக்கு மட்டும்தான் B-யாம். அப்படிக் கட்டினால் பிள்ளைப்பேற்றுக் காசு கிடையாதாம். அம்மா வேலைக்குப் போகாத மாதங்களுக்கு நாங்கள் நம்பியிருந்தது அதை மட்டும்தான்.

திரும்பிப் போய் முதலாளிக்கு முன்னாலேயே சொன்னேன். மேதை கம்ப்யூட்டரில் மறுபடி A-யைத் தட்டிவிட்டு, "சின்ன விசயம். இதுக்கே இவ்வளவு சத்தம்?" என்றார். அவர் படித்த பெரிய படிப்பில் மன்னிப்புக் கேட்கச் சொல்லித் தரவில்லை போலும்.

இப்போது ஒவ்வொரு ஏப்ரலும் அந்த எழுத்தைத்தான் முதலில் பார்க்கிறேன். விளங்காவிட்டால் ஒபிசிலேயே கேட்கிறேன்.

அம்மா பிள்ளைப்பேற்றுக்கு ஆஸ்பத்திரியில் இருந்த நாளில் தனியே தொட்டிலின் பாகங்களைப் பூட்டினேன். ஒரு கால் மற்றவற்றைவிடக் கட்டையாக இருந்ததால் ஆடியது. மேதை தந்த விசிற்றிங் கார்டை நாலாய் மடித்து அதன் கீழே வைத்தேன். ஆட்டம் நின்றது.