ராணுவப் பணமும் வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியும்

1. வராத பூஞ்சை

பூஞ்சை வரவில்லையே என்று எவனாவது கவலைப்படுவானா? நான் பட்டிருக்கிறேன். அறுபதுகளின் நடுவில், சிங்கப்பூரில் புக்கிட் தீமா பக்கம் இருந்த பல்கலைக்கழகத்தில் நான் தாவரவியல் துறை லேப் டெக்னீஷியன். ஒரு திங்கட்கிழமை காலை, கமலம் மிஸ் மைக்ரோஸ்கோப்பில் வைத்த கண்ணை எடுக்காமலே கூப்பிட்டார்.

"சவரிண்ணே, இந்தக் கண்ணாடிக்கு நெஜமாவே ஸ்போர் அடிச்சீங்களா?"

"என்ன மிஸ் இப்படிக் கேக்கறீங்க? உங்க முன்னாலதானே பூஞ்சை வித்தைக் கரைச்சு அடிச்சேன்?"

"அப்புறம் ஏன் இப்படிப் பளபளன்னு இருக்கு?"

அந்தப் பளபளப்பில்தான் எங்கள் இரண்டு பேர் பிழைப்பும் மாட்டிக்கொண்டது. விஷயத்தை முதலிலிருந்து சொன்னால்தான் புரியும்.

டாக்டர் கமலம் அப்போது அசிஸ்டன்ட் லெக்சரர். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்து வேலையில் சேர்ந்தவர், இன்னும் புரொபேஷன் முடியவில்லை. அவர் ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தது பிரிட்டிஷ் ராணுவம். நம் ஊர்ப் புழுக்கத்தில் பைனாகுலர் கண்ணாடிக்குள் பூஞ்சை படரும். காட்டில் ரோந்து போகிற சோல்ஜர் எடுத்துப் பார்த்தால் எதிரே நிற்பது மரமா மனுஷனா என்று தெரியாது. அதைத் தடுக்க, கண்ணாடியின் விளிம்பில் பூசுகிற ஒரு லாக்கரை ராணுவம் தயாரித்திருந்தது. பூஞ்சையைக் கொல்லும் மருந்து கலந்த வார்னிஷ் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது இங்கே வேலை செய்கிறதா என்று பார்த்துச் சொல்வதுதான் மிஸ் எடுத்துக்கொண்ட பொறுப்பு.

அந்த நாளில் புதிதாக வந்த லெக்சரருக்கு இப்படி ஒரு கிரான்ட் கிடைப்பது குதிரைக்கொம்பு. அதிலும் ஒரு பெண்ணுக்கு, அதுவும் தமிழ்ப் பெண்ணுக்கு! நல்ல மைக்ரோஸ்கோப், பூஞ்சை வளர்க்கும் ஈர அலமாரிகள், என் சம்பளம் எல்லாமே அந்தப் பணத்தில்தான் வந்தது. வருஷக் கடைசியில் கிரான்ட் புதுப்பிக்கப்படவில்லை என்றால் எனக்கு வேலை இல்லை, மிஸ்ஸுக்கு வேலை நிரந்தரமாகும் கன்ஃபர்மேஷன் இல்லை. வீட்டில் என் மனைவி முழுகாமல் இருந்தாள்.

2. இரண்டு அலமாரி

லாக்கர் பூசிய கண்ணாடிகள் மிஸ்ஸின் அறையில் ஓர் ஈர அலமாரியில் இருந்தன. பூசாதவை, அதாவது ஒப்பிட்டுப் பார்க்க வைத்த கன்ட்ரோல், நடைபாதைக்கு எதிர்ப்பக்கம் ஸ்டோரில் இன்னோர் அலமாரியில் இருந்தன. லாக்கரிலிருந்து கிளம்பும் ஆவி கன்ட்ரோலுக்குப் போய்ச் சேரக்கூடாது என்று யோசித்துத்தான் மிஸ் அப்படிப் பிரித்து வைத்தார். சரியான யோசனைதான்.

மாதக்கணக்கில் பார்த்தோம். லாக்கர் பூசியது சுத்தமாக இருந்தது. பூசாததில் வெள்ளை வெள்ளையாக நூல் நூலாகப் பூஞ்சை. எங்களுக்கு வாயெல்லாம் பல். எங்கள் ஆராய்ச்சியைக் கவனித்துக்கொண்ட ராணுவ மேஜர், லாக்கர் பாஸ் ஆகிவிடும் என்று லண்டனுக்கே சொல்லிவிட்டார்.

அப்புறம் ஸ்டோர் கூரை ஒழுகியது. மிஸ்ஸிடம் சொல்லிவிட்டு, புதிதாக ஸ்போர் அடித்த கன்ட்ரோல் கண்ணாடிகளை மிஸ் அறை அலமாரியில் ஓர் ஓரமாக வைத்தேன். அவைதான் அந்தத் திங்கட்கிழமை பளபளவென்று இருந்தன.

"லாக்கர் ஆவி பட்டிருக்கும் மிஸ்," என்றேன்.

"இருக்கலாம். எதுக்கும் லாக்கர் பூசினதுல கொஞ்சத்தை ஸ்டோர்ல கொண்டு போய் வைங்க. அங்கயும் சுத்தமா இருந்தா நிம்மதி."

கூரையை அடைத்துவிட்டு வைத்தோம். சில வாரம் போனது. பார்த்தால், லாக்கர் பூசிய கண்ணாடி முழுக்கப் பூஞ்சை! அலாமாக் என்று கத்தியேவிட்டேன். அப்படியென்றால் கண்ணாடியைக் காப்பாற்றியது லாக்கர் இல்லை, அந்த அறை. அறையில் அப்படி என்ன இருக்கிறது?

பதில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிடைத்தது. மிஸ் அறைச் சுவரில் ஒரு முருகன் படம் உண்டு. வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் அதற்கு முன்னால் சாம்பிராணி போடுவார். நாள் தவறியதில்லை. தேக்கா மார்க்கெட்டில் வாங்கின முதல்தரச் சாம்பிராணி. நான் கத்தோலிக்கன், கேலி பண்ணுவேன். "எங்க சாமியார் பெரிய பூசைக்கு மட்டும்தான் போடுவார் மிஸ். நீங்க வாராவாரம் போட்டு எங்களைத் தோக்கடிக்கிறீங்க."

அன்றைக்கும் தூபக்காலைப் படத்துக்கு முன்னால் காட்டினார். காற்றாடி சுழன்றுகொண்டிருந்தது. புகை வளைந்து நேராக அலமாரிக் கதவின் சந்துகளுக்குள் நுழைந்தது. மிஸ் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். தூபக்காலைக் கீழே வைத்தார். அலமாரியைத் திறந்து ஒரு கண்ணாடியை எடுத்து முகர்ந்து பார்த்து என்னிடம் நீட்டினார். பூசை முடிந்த கோயில் மாதிரி மணத்தது.

"லாக்கர் இல்லண்ணே. என் சாம்பிராணி. இத்தனை மாசமா நானே பூஞ்சையைக் கொன்னுக்கிட்டு இருந்திருக்கேன்."

3. புரொஃபசர் சொன்ன வழி

துறைத் தலைவர் ஒரு வெள்ளைக்காரப் புரொஃபசர். நல்ல மனுஷன்தான், ஆனால் மேல் வலிக்காமல் காரியம் முடிக்கப் பார்ப்பவர். மிஸ் சொன்னதைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். அவர் இங்கிலீஷில் பேசியதை நம் பேச்சில் சொல்கிறேன்.

"இப்போதைக்கு முதல்ல வந்த ரிசல்ட்டைக் குடும்மா. கிரான்ட் வரட்டும், கன்ஃபர்மேஷன் முடியட்டும். அடுத்த வருஷம் திரும்பச் செஞ்சு திருத்திக்கலாம். சாமி, புகைன்னு ராணுவத்துக்காரன்கிட்ட போய்ச் சொன்னா உன்னைப் பத்தி என்ன நினைப்பான்?"

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. பிள்ளை பிறக்கப் போகிறவனுக்கு வேறு எப்படிப் படும்?

மிஸ் சொன்னார்: "அடுத்த வருஷத்துக்குள்ள இந்த லாக்கரைப் பூசிக் காட்டுக்கு அனுப்பிடுவாங்க சார். அங்க யாரும் சாம்பிராணி போட மாட்டாங்க."

புரொஃபசர் டைரியைப் புரட்டி, மேஜர் வர ஒரு நாள் குறித்தார்.

4. மேஜர் வந்த நாள்

மேஜர் நெட்டையான ஆள், சிரிப்பே வராது. புரொஃபசரும் கூட வந்து உட்கார்ந்தார். மிஸ் இரண்டு கண்ணாடியை மைக்ரோஸ்கோப்பில் மாற்றி மாற்றி வைத்துக் காட்டினார். இரண்டும் ஒரே லாக்கர் பூசியது. ஒன்று சுத்தம், ஒன்று பூஞ்சைக் காடு.

"எப்படி?" என்றார் மேஜர்.

மிஸ் ஒன்றுவிடாமல் சொன்னார். அலமாரியைப் பிரித்தது, கூரை ஒழுகியது, புகை போனது எல்லாம். இதுவரை கொடுத்த ரிசல்ட் எதையும் நம்ப வேண்டாம் என்றும் சொன்னார். குரல் நிதானமாகத்தான் இருந்தது. ஆனால் மைக்ரோஸ்கோப்பின் திருகைப் பிடித்திருந்த விரல்கள் நடுங்கியதை நான் பார்த்தேன்.

"லேபுக்குள்ள அந்தப் புகை எதுக்கு?"

புரொஃபசர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அறை நாற்றம் போக என்று மிஸ் சொல்லியிருக்கலாம். கொசுவுக்கு என்று சொல்லியிருக்கலாம், சிங்கப்பூரில் அதை யார் நம்ப மாட்டார்கள்?

"என் சாமிக்கு," என்றார் மிஸ்.

மேஜர் சுவரில் இருந்த படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நான் லண்டனுக்குச் சொல்லிட்டேனே," என்று முனகினார். தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வைத்த கோப்பி அப்படியே ஆறிப் போனது.

அவர் போன பிறகு மிஸ் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார். "சவரிண்ணே, உங்க வேலைக்கும் சேர்த்து உலை வச்சுட்டேன்ல?"

ஆமாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடியுமா? "போனா போகுது மிஸ். ஜாலான் புசார்ல ஹார்ட்வேர் கடைக்கா பஞ்சம்? ஆணி நிறுத்துப் போட எனக்குத் தெரியும் லா. நீங்க ஒரு வாய் கோப்பி குடிங்க."

அவர் சிரித்தார். கண்ணில் தண்ணீரும் வந்தது. அந்த நிமிஷம் அந்தப் பெண்மேல் எனக்கு வந்த மரியாதை இன்றுவரை குறையவில்லை.

5. பதில்

கன்ஃபர்மேஷன் கமிட்டி ஒரு வருஷம் தள்ளிப் போட்டது. மிஸ்ஸுக்கு அப்புறம் சேர்ந்தவர் அவரைத் தாண்டி மேலே போனார். மிஸ் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு அலமாரியையும் ஸ்டோருக்கு மாற்றி, எல்லாக் கண்ணாடிக்கும் முதலிலிருந்து ஸ்போர் அடிக்கச் சொன்னார். முருகன் படத்தை வீட்டுக்குக் கொண்டு போய்விட்டார். மறுபடி செய்ததிலும் லாக்கர் தோற்றது.

கிரான்ட் முடிகிற மாதம் மேஜர் திரும்ப வந்தார். நான் மேஜையைத் துடைக்கிற சாக்கில் அங்கேயே நின்றேன். அந்த லாக்கரை ராணுவம் கைவிட்டுவிட்டது என்றார். வேறொன்று தயாராகிறது, அதையும் மிஸ்தான் பார்க்க வேண்டும், கிரான்ட் தொடரும் என்றார். எனக்கு உயிர் வந்தது.

மிஸ்ஸுக்குத்தான் நம்ப முடியவில்லை. "நான் அவ்வளவு பெரிய தப்பு பண்ணியிருக்கேனே?" என்று கேட்டேவிட்டார்.

"எங்ககிட்ட பணம் வாங்கற எல்லாரும் எங்களுக்குப் பிடிச்ச சேதியாத்தான் அனுப்பறாங்க," என்றார் மேஜர். "அதை வச்சுக்கிட்டு நான் எந்தப் பையனைக் காட்டுக்கு அனுப்புறது?"

அதற்கப்புறம் ரிட்டயர் ஆகும்வரை எத்தனையோ லெக்சரர்களுக்கு அலமாரி துடைத்திருக்கிறேன். கிரான்ட் வாங்கிவிட்டு என்னிடம் இனிப்புக் கொடுக்க வரும் ஒவ்வொரு புது டாக்டருக்கும் ஒன்றே ஒன்று சொல்வேன். பணம் கொடுத்தவர் மனசில் இருக்கிற பதிலை எழுதிக் கொடுக்க ஒரு டைப்பிஸ்ட் போதும், தம்பி. உங்களை வைத்திருப்பது அவருக்குப் பிடிக்காததைச் சொல்லத்தான். கை நடுங்கினால் நடுங்கட்டும், சொல்லிவிடுங்கள்.