கரண்டு எவ்வளவு ஆழம் போகும்

அன்றைக்கு எங்கள் திருநின்றவூர் வீட்டில் இருந்தவர்கள் இவ்வளவுதான்: கட்டிலில் அத்தை, அதாவது என் மாமியார், வாசற்படியில் என் வீட்டுக்காரர், தரையில் லேப்டாப்போடு நாத்தனார், அடுப்படிக்கு வெளியே நான், தூளியில் தூங்கிக்கொண்டிருந்த என் மகள். மிக்ஸியில் போட்ட தேங்காயை அரைக்காமல் நின்றிருந்தேன். சத்தம் வந்தால் யாராவது சொல்வது காதில் விழாமல் போய்விடுமோ என்று பயம். எனக்கு எதற்கெடுத்தாலும் பயம்தான். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். புரியாத விஷயம் எதைக் கேட்டாலும் முதலில் கெட்டதாகத்தான் தோன்றும்.

நாத்தனார் அணுசக்திப் பொறியியலில் மேல்படிப்பு படித்துக்கொண்டிருந்தாள். ஒரு ஆராய்ச்சி வேலையை எடுத்தாக வேண்டும்; மறுநாள் காலேஜ் சாரிடம் பதில் சொல்ல வேண்டும். அவளுக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது. இரண்டுக்கும் கேள்வி ஒன்றுதான்: மனித உடம்புக்குள் கதிர்வீச்சு எவ்வளவு ஆழம் போகிறது? ஒரு வழி, கம்ப்யூட்டரிலேயே கணக்குப் போட்டுச் சொல்வது. அதை வீட்டிலிருந்தே செய்யலாம். இன்னொரு வழி, மெழுகை வார்த்து இடுப்பு மாதிரி ஒன்று செய்து, அதற்குள் கதிர்வீச்சைப் பதிவு செய்கிற, ஸ்டிக்கர் பொட்டு அளவு சில்லுகளை வைத்து, நிஜமாகவே கதிர்வீச்சைக் காட்டி அளப்பது. அதற்குக் காலையில் ரயிலேறி சென்ட்ரலில் இறங்கி, அங்கிருந்து இன்னும் தூரம் போய், இருட்டிய பிறகு வீடு திரும்ப வேண்டும்.

வேறு சமயமாக இருந்தால் அது அவள் பாடு. ஆனால் அத்தைக்குக் கர்ப்பப்பை வாயில் புற்று என்று முந்தின வாரம்தான் ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். கரண்டு வைக்கணும் என்றார்கள். கதிர்வீச்சு சிகிச்சைக்கு எங்கள் பக்கம் அதுதான் பேர். அத்தை அதை நிஜக் கரண்டு என்றே எடுத்துக்கொண்டார். அம்பத்தூரில் எக்ஸ்போர்ட் கம்பெனியில் தைத்த துணியில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்த காலத்தில், தையல் மிஷினில் ஷாக் அடித்து ஒருத்தி தெறித்து விழுந்ததைப் பார்த்தவர் அவர். "அத வெச்சிக்கிறதுக்கு இப்டியே செத்துப் பூட்றேன், வுடுங்க" என்று ஒரேயடியாக மறுத்துக்கொண்டிருந்தார். வெறும் மருந்தில் இது நிற்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"கம்ப்யூட்டர்லயே செய் பாப்பா. அம்மாவாண்ட இருந்தா மாதிரியும் ஆச்சி" என்றார் என் வீட்டுக்காரர். அவள் தலையாட்டினாள். கட்டிலிலிருந்து அத்தை கேட்டார்: "இன்னாடி அது, பொம்மைக்கு இடுப்புல பொட்டா? எந்த ஊரு அலங்காரம் அது?"

"உள்ளுக்குள்ள வைக்கிறதும்மா. ஒவ்வொரு ஆழத்துக்கு ஒண்ணு."

"கம்ப்யூட்டருல?"

"அதுல இவ்ளோ போவும்னு கணக்கு வரும். மெழுகுல, போச்சா இல்லையான்னே பாத்துடலாம்."

"எனக்கு வெக்கச் சொல்ற கரண்டும் அதானா?"

"அதேதாம்மா. ஷாக்கெல்லாம் அடிக்காது. வெக்கும்போது வலிகூடத் தெரியாது."

அத்தை மேலே சுற்றிய ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ நீ பொம்மையாண்டயே போ. கணக்க எவன் நம்புவான்? கணக்கு ரேஷன் கடையிலகூடதான் சரியா கீது. நீ அங்க அளந்து சொல்லு, நான் இங்க கரண்டுக்குப் படுத்துக்குறேன்."

"உன்கூட யாரும்மா இருப்பா?"

"உங்கண்ணி கீறாளே. பயந்துகினே எல்லாத்தையும் பாத்துக்குவா."

அப்படித்தான் அவள் மெழுகைத் தேர்ந்தெடுத்தாள். அத்தை கரண்டு வைத்துக்கொள்ளச் சம்மதித்தார்.

ஐந்து வாரம் நான்தான் அத்தையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். இடுப்பில் மையால் கோடு போட்டு, அழியாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். குளிக்கும்போது ஊற்றுகிற ஒவ்வொரு சொம்புத் தண்ணீருக்கும் எனக்குப் பகீரென்று இருக்கும். கரண்டு வைத்த உடம்பாயிற்றே, குழந்தையை மடியில் விடலாமா என்று நாத்தனாரிடம் ரகசியமாகக் கேட்டேன். "தாராளமா விடுங்க அண்ணி, மெஷினை நிறுத்தினா உள்ள எதுவும் தங்காது" என்றாள். அவள் வீட்டுக்குள் நுழைந்ததுமே அத்தை, "உம்பொம்ம இன்னா சொல்லுச்சி?" என்பார். பொம்மை ஒன்றும் சொல்லவில்லை. முதலில் வார்த்த மெழுகுக்குள் காற்றுக்குமிழி இருந்தது. அடுத்தது ஆறும்போது வெடித்துவிட்டது. "எனக்கே முடிஞ்சிடும் போல கீது, அதுக்கு இன்னும் இடுப்பே வரல" என்று அத்தை சிரித்தார்.

சிகிச்சை முடிந்ததும் ரத்தப்போக்கு நின்றது. அத்தை எழுந்து நடந்தார். சாயங்காலம் ஏரிக்கரை வரைக்கும் என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். மழைக்காலம் தொடங்கும் முன் நுரையீரலுக்குப் பரவிவிட்டது. பிறகு அதிக நாள் இல்லை. ஒரு காலையில், அத்தை போய்விட்டார் என்று, சென்ட்ரலில் இறங்கிய நாத்தனாருக்கு நான் போன் செய்தேன். அவளுக்குப் பின்னால் ரயில் அறிவிப்பு கேட்டுக்கொண்டிருந்தது.

காரியம் முடிந்து அவள் திரும்பப் போய் அளந்து முடித்தாள். மெழுகு சொன்னதும், கூடப் படிக்கிற ஒருவர் போட்ட கம்ப்யூட்டர் கணக்கு சொன்னதும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்ததாம். சாருக்கு ரொம்ப சந்தோஷமாம். "ரெண்டும் ஒண்ணுதான்னா நான் வீட்லயே இருந்திருக்கலாமே அண்ணி" என்றாள். நீ போகாவிட்டால் அத்தை அந்த மெஷினுக்குக் கீழே படுத்திருக்கவே மாட்டார் என்றேன். உண்மைதான். ஆனால் அப்படிக் கிடைத்த நல்ல நாட்களில் அத்தையோடு இருந்தவள் நான். அவள் மெழுகோடு இருந்தாள்.

இப்போது வெளியூரில் வேலை பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால் அந்த நாட்களைத்தான் கேட்பாள். அம்மா என்ன சாப்பிட்டாங்க, ஏரிக்கரையில் யாரோடு பேசினாங்க, எதுக்குச் சிரிச்சாங்க என்று. கொய்யாப்பழத்தில் உப்புமிளகாய் போதவில்லை என்று தள்ளுவண்டிக்காரரோடு சண்டை போட்டது, என் மகளுக்கு விசில் அடிக்கச் சொல்லிக்கொடுத்தது என்று நானும் ஞாபகத்திலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கிறேன். ஒரே நாளில் நிறையச் சொல்வதில்லை. இருந்தது கொஞ்ச நாள்தானே. சீக்கிரம் தீர்ந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.