பிரஷர் கேஜுக்கு ஒரு பொட்டு

பெட்ரோலும் சந்தனமும் ஒன்றாக மணந்த ஒரு காலை எனக்கு உண்டு.

மலேசியாவில் கிள்ளான். ஞாயிற்றுக்கிழமை. ஆயுத பூசை முடிந்த வாரம். வாசலில் அம்மாவின் வேன், முன் சீட்டைத் தூக்கி வைத்தபடி… அந்தப் பழைய வேனுக்கு இன்ஜின் சீட்டுக்கு அடியில்தான்.

அம்மா அதில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிப் போவார். நான் அப்போது பல்கலைக்கழக விடுமுறையில் இருந்தேன்.

சில நாட்களாக வேனுக்கு ஒரு நோய். காலையில் சாவியைத் திருப்பினால் இழுத்துக்கொண்டே இருக்கும். ஸ்டார்ட் ஆகிவிட்டால் ஒரு குறையும் சொல்ல முடியாது. வெள்ளிக்கிழமை ஒரு பிள்ளையின் தாய் சொல்லிவிட்டார்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. திங்கக்கிழமையும் லேட்டுன்னா நாங்க வேற வேன் பாத்துக்கறோம் லா."

ஒருவர் போனால் அந்தத் தாமான் குடியிருப்பு முழுவதும் போய்விடும். அம்மாவுக்குத் தெரியும்.

அதனால்தான் பிரஷர் கேஜை எடுத்தார். பெட்ரோல் எவ்வளவு அழுத்தத்தில் இன்ஜினுக்குப் போகிறது என்று காட்டும் ஒரு வட்ட முகம், கூடவே ஒரு ரப்பர் குழாய். பக்கத்து ஊரான மேருவில் ஒரு வொர்க்‌ஷாப்பை மூடும்போது அம்மா வாங்கி வந்தது. அப்பா அதை டாக்டர் சாமான் என்பார்.

இன்ஜின் ஆறியிருந்தது. அம்மா பழந்துணியைச் சுற்றி, இன்ஜினுக்குப் போகும் பெட்ரோல் லைனில் கேஜின் குழாயைப் பொருத்தினார். சாவியைத் திருப்பினார். பின்னால் டேங்கிலிருந்து பம்ப்பின் மெல்லிய முனகல்…

முள் அசையவில்லை.

"முடிஞ்சிச்சு. பம்ப் செத்துருச்சு," என்றார் அப்பா. "நாளைக்கு வேன் வராதுன்னு சொல்லிரு."

"பம்ப் செத்துச்சுன்னா உள்ள முனகுறது யாரு, உங்க மச்சானா?"

அம்மா வேனை ஸ்டார்ட் செய்தார். இழுத்தது, இழுத்தது, பிடித்துக்கொண்டது. வேன் உறுமுகிறது. முள் பூஜ்யத்தில்.

"வண்டி ஓடுது. இது என்னடான்னா பெட்ரோலே வரலங்குது. ரெண்டுல ஒண்ணு பொய் சொல்லுது."

நானும் அப்பாவும் வேனையே பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மா கேஜைப் பார்த்தார்.

இன்ஜினை அணைத்தார். குழாயைக் கழற்றி அதன் வாயை வெயிலுக்குத் திருப்பினார். உள்ளே காய்ந்து அடைத்துக்கிடந்தது சந்தனம்.

"பூசைக்கு எல்லாச் சாமானுக்கும் பொட்டு வெச்சேன்ல…" அப்பாவின் குரல் இறங்கியது. "மூஞ்சில வெச்சா நம்பர் தெரியாதேன்னு வாயில வெச்சேன்."

"நல்லா ஊட்டி விட்டிருக்கீங்க."

சிரித்துக்கொண்டே ஊக்கால் சுரண்டி எடுத்தார். மறுபடி பொருத்தி, மறுபடி சாவி. முள் விருட்டென்று ஏறியது. சாவியைத் திருப்பி அணைத்ததும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது…

"பம்ப் நல்லாத்தான் தள்ளுது. தள்ளுனது நிக்க மாட்டேங்குது, டேங்குக்கே திரும்பி ஓடிருது. அதான் காலையில இழுக்குது."

திங்கள் காலை. அம்மா சாவியைப் பாதி திருப்பினார். பம்ப் மட்டும் முனகி, இறங்கிப்போன பெட்ரோலை மேலே ஏற்றியது. காத்திருந்தார். அணைத்தார். மறுபடி பாதி. முனகல் அடங்கும்வரை பொறுத்தார். பிறகு முழுதாக.

ஒரே பிடி.

அந்தத் தாயின் வீட்டு கேட்டில் ஹாரன் கேட்டபோது பிள்ளை இன்னும் மைலோ குடித்துக்கொண்டிருந்தானாம். அம்மா அதை எங்களிடம் எத்தனை முறை சொன்னார்…

அடுத்த பள்ளி விடுமுறையில் பம்ப்பை மாற்றும்வரை தினமும் அப்படித்தான். பாதி, காத்திருப்பு, பாதி, காத்திருப்பு. அந்தப் பொறுமையை நான் எந்த வகுப்பிலும் பார்த்ததில்லை.

இப்போது எனக்கு சுபாங் ஜெயாவில் வேலை. என் காருக்கு சாவி கிடையாது, பட்டன்தான். திரை ஏதாவது சொன்னால் அப்படியே நம்பிவிடுகிறேன். ஆபீசிலும்.

வேனை விற்றாயிற்று. கேஜை அம்மா கொடுக்கவில்லை. ஒவ்வோர் ஆயுத பூசைக்கும் அதைத் துடைத்து சாமி முன்னால் வைக்கிறார். அப்பா சந்தனக் கிண்ணத்தோடு வந்து, அதன் முன்னால் மட்டும் நிற்பார். விரலை நீட்டியபடி அம்மாவைப் பார்ப்பார்.

"முதுகுல," என்பார் அம்மா.