மாரிமுத்துவின் மூட்டை

இலங்கையில் ரத்தோட்டைக்கு மேலே இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தில், கங்காணிக்காக, தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களைக் கண்காணிப்பது என் வேலை. யாராவது தோட்டத்தை விட்டு ஓடிப்போனால் பழி என்மேல்தான் விழும். அதனால் எல்லோர்மேலும் எனக்குச் சந்தேகம்.

விடியும் முன்பே லயத்துத் தொழிலாளி மாரிமுத்து முதுகில் சாக்கு மூட்டையோடு மலைப்பாதையில் ஓடுவதை நான்கு நாள் பார்த்தேன். சாமான்களைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கடத்துகிறான் என்று முடிவுகட்டினேன். ஐந்தாம் நாள் கங்காணியையும் கூட்டிக்கொண்டு போய் அவனை மறித்தேன். மூட்டையைப் பிடுங்கிக் கொட்டினேன். ஆற்றுக் கற்கள் உருண்டன.

"தை பொறந்தா சிலம்பம் பழகப் போறேங்க. அதுக்குத்தான் ஒடம்பத் தேத்துறேன்."

"பொய் சொல்லாத!" என்றேன்.

"ஓடிப்போறவன் தெனம் பெரட்டுக்குத் திரும்பி வருவானாங்க?"

ஒவ்வொரு நாளும் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் அவன் பெயரைக் கூப்பிட்டவனே நான்தான். வியர்வை வழிய அவன் வந்து நின்றதை நான் யோசித்தே பார்க்கவில்லை.

கங்காணி மட்டும், "கம்பு பழகி யார அடிக்கப் போற?" என்று கேட்டு, அவன் சிலம்பம் பழகுவதையே தடுத்துவிட்டார்.

கோயில் முற்றத்தில் சிலம்பம் தொடங்கிய அன்று, மாரிமுத்து லயத்து வாசலில் உட்கார்ந்து கம்புச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் அங்கே போய்விடாமல் பார்த்துக்கொள்ள என்னைத்தான் நிறுத்தியிருந்தார்கள்.